வியாழக்கிழமை பூஜைக்கு ஒரு மஞ்சள் ரோஜா

கேள்வி: வணக்கம். லண்டனுக்கு வடமேற்கே ஹாரோவில் போன வருடம் வீடு வாங்கிக் குடிவந்தோம். வாசலுக்குப் போகும் நடைபாதையை ஒட்டி மூன்று மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டர் அகலத்தில் ஒரு பாத்தி இருக்கிறது. மதியத்துக்கு மேல் நல்ல வெயில் விழும். களிமண். முன்பு இருந்தவர்கள் வைத்த ரோஜா ஒன்று பாத்தியின் நடுவில் பட்டுப்போய் நின்றது, பிடுங்கிவிட்டோம். அங்கே மஞ்சள் ரோஜா வைக்க ஆசை. எங்களோடு இருக்கும் மாமியார் வியாழக்கிழமைதோறும் தட்சிணாமூர்த்திக்கு மஞ்சள் பூ வைப்பவர். வாசம் இல்லாத ரோஜா எதற்கு என்பதும் அவர்தான். திண்டுக்கல்லில் அவர் வளர்த்த பன்னீர் ரோஜா மாதிரி மணக்க வேண்டுமாம். ஒரு தடவை பூத்து ஓய்ந்துவிடாமல், ஜூனிலிருந்து குளிர் வரும்வரை பூக்க வேண்டும். நான்கு வயதுப் பையன் இருப்பதால் மருந்து அடிக்க மாட்டோம். செடிக்கடையில் 'கிரஹாம் தாமஸ்' வாங்கச் சொன்னார்கள். கணவர் படத்தைப் பார்த்துவிட்டு 'கோல்டன் செலிபிரேஷன்' என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பாத்திக்கு 'அப்சலூட்லி ஃபேபுலஸ்' என்ற ரோஜாவை வாங்குங்கள். கடைக்காரர் சொன்னதும் உங்கள் கணவர் சொன்னதும் அருமையான செடிகள்தான். ஆனால் உங்கள் இடத்தின் அளவுக்கும், மருந்தில்லாமல் வளர்ப்பது என்ற முடிவுக்கும் அவை அடுத்தபடிதான். இதில் ஒரு நிபந்தனை உண்டு. வாங்குவதற்கு முன் அந்தப் பூவை உங்கள் மாமியார் ஒரு தடவை முகர்ந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அவருக்கு அந்த மணம் பிடிக்காவிட்டால் 'தி பொயட்ஸ் வைஃப்' வாங்குங்கள்.

இனி காரணங்கள்.

நீங்கள் ஒரே செடியில் நான்கு குணங்களைக் கேட்கிறீர்கள்: மஞ்சள் நிறம், மணம், திரும்பத் திரும்பப் பூப்பது, மருந்தில்லாமலே இலை தங்குவது. இவற்றில் மூன்று போதும் என்றால் எந்தக் கடையிலும் கிடைத்துவிடும். நான்கும் வேண்டும் என்னும்போதுதான் தேடவேண்டியிருக்கிறது. மஞ்சள் நிறம் தோட்ட ரோஜாவுக்குள் வந்து சேர்ந்த விதம் அப்படி.

ஐரோப்பாவின் பழைய தோட்ட ரோஜாக்கள் வெள்ளை, இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு இவற்றோடு நின்றுவிட்டவை. அவற்றில் பெரும்பாலானவை ஜூனில் ஒரு தடவை பூத்துவிட்டு அடுத்த வருடம்வரை இலையோடு நிற்கும். பல மாதம் விடாமல் பூக்கும் குணம் சீனத்து ரோஜாக்களிலிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அவை இங்கிலாந்துக்கு வரத் தொடங்கின. 1824இல் சீனாவிலிருந்து வெளிர் மஞ்சளில் ஒரு ரோஜாவும் வந்தது. தேயிலைப் பெட்டியைத் திறந்தது போன்ற மணம் அதற்கு. ஆனால் குளிர் தாங்காது. மஞ்சளும் வெளுத்த மஞ்சள்தான்.

இன்று நாம் பார்க்கிற பளிச்சென்ற மஞ்சள் ஈரானிலிருந்து வந்தது. 'பெர்ஷியன் யெல்லோ' என்ற அந்த ரோஜா 1830களில் இங்கிலாந்து வந்து சேர்ந்தது. பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் பெர்னே-டூஷே என்பவர் அதன் மகரந்தத்தைத் தோட்ட ரோஜாக்களில் சேர்க்கப் பல வருடம் பாடுபட்டு, 1900இல் 'சொலேய் டோர்' என்ற ரோஜாவை வெளியிட்டார். பின்னால் வந்த அடர் மஞ்சள், ஆரஞ்சு ரோஜாக்களில் பெரும்பாலானவை அதன் வம்சம். பெர்ஷியன் யெல்லோ நிறத்தை மட்டும் கொடுத்துவிட்டு விலகியிருந்தால் தொல்லையில்லை. அது வருடத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும். அதன் வாசம் முகத்தைச் சுளிக்க வைக்கும். எல்லாவற்றையும்விட மோசம், இலையை உதிரவைக்கும் கரும்புள்ளி நோய்க்கு அது எளிதில் இடம் கொடுத்துவிடும். நிறத்தோடு அந்தப் பலவீனமும் பரம்பரையில் இறங்கிவிட்டது. நூறு வருடத்துக்கு மேலாக ரோஜா வளர்ப்பாளர்கள் அதைக் கழிக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறார்கள். நன்றாகக் கழித்த செடிகளும் உண்டு, பாதியில் நிற்பவையும் உண்டு. மஞ்சள் ரோஜா வாங்கும்போது பூவைவிட இலையைக் கவனியுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

அடுத்து மணம். இதில் உங்கள் மாமியாருக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: பன்னீர் ரோஜாவின் வாசம் மஞ்சள் ரோஜாவில் கிடைக்காது. பன்னீர் ரோஜாவின் அந்த இனிப்பும் கனமும் பினைல் எத்தனால், ஜெரானியால், சிட்ரொனெலால் ஆகிய பொருள்கள் சேர்ந்து வருவது. டமாஸ்க் குடும்பத்து இளஞ்சிவப்பு ரோஜாக்களின் சொத்து அது. மஞ்சள் ரோஜாக்களின் வாசம் வேறு வழியில் போகிறது. சிலவற்றில் தேயிலை மணம். சிலவற்றில் எலுமிச்சைத் தோல் கிள்ளினாற்போல ஒரு கூர்மை. சிலவற்றில் பழவாசம். இன்னும் சிலவற்றில் சோம்பும் அதிமதுரமும் கலந்தாற்போல ஒன்று; ஆங்கிலத்தில் அதை 'மிர்' என்பார்கள். எல்லாமே நல்ல மணங்கள்தான். ஆனால் பன்னீரை எதிர்பார்த்து முகர்ந்தால் எதுவும் பிடிக்காமல் போகும். ஆகவே அவரிடம் இது வேறு வாசம் என்று முன்னாடியே சொல்லிவிட்டு முகரக் கொடுங்கள்.

அவருக்குப் பன்னீர் வாசம்தான் வேண்டும் என்றால், வீட்டுக்குப் பின்னால் இடமிருந்தால், அங்கே 'கெர்ட்ரூட் ஜீகில்' என்ற இளஞ்சிவப்பு ரோஜாவைத் தனியாக வையுங்கள். 1986இல் வந்தது. பழைய ரோஜா மணம் அப்படியே அதில் இருக்கிறது. ஊர் வாசத்துக்கு இங்கே எனக்குத் தெரிந்த மிக நெருக்கமான செடி அது. முள் அதிகம், பெரிதாகவும் வளரும். அதனால் நடைபாதைப் பக்கம் வேண்டாம். திண்டுக்கல்லிலிருந்து பன்னீர் ரோஜாக் குச்சி ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிடலாமா என்று நம்மவர்கள் பலர் கேட்பதுண்டு. பயிர் நலச் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவிலிருந்து செடியோ குச்சியோ இங்கே கொண்டுவரக் கூடாது. விமான நிலையத்தில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.

சரி, உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு ரோஜாக்களைப் பார்ப்போம்.

'கிரஹாம் தாமஸ்' டேவிட் ஆஸ்டின் உருவாக்கியது. பழைய ரோஜாக்களின் இதழடுக்கும் மணமும், புதிய ரோஜாக்களின் மீண்டும் பூக்கும் குணமும் ஒரே செடியில் சேர வேண்டும் என்று உழைத்தவர் அவர். 1983இல் செல்சி மலர்க் கண்காட்சியில் இதை வெளியிட்டார். அழிந்துபோகவிருந்த பழைய ரோஜாக்களைத் தேடிச் சேர்த்து, ஹாம்ப்ஷயரின் மோட்டிஸ்ஃபான்ட் தோட்டத்தில் நட்டு வளர்த்த கிரஹாம் ஸ்டூவர்ட் தாமஸின் பெயரைத் தாங்கியது இந்த ரோஜா. பழைய வடிவப் பூவில் அப்படியொரு தெளிந்த மஞ்சளை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. 2009இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு அதை உலகின் விருப்பமான ரோஜாக்களின் வரிசையில் சேர்த்தது. அந்தப் பெருமை அதற்குத் தகும். நிறத்துக்காக என்றால் இன்றும் நான் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் அது மேல்நோக்கி ஓடுகிற செடி. புதர் என்று பட்டியலில் போட்டிருந்தாலும், ஜூன் பூ முடிந்ததும் நீண்ட தண்டுகளை வீசிக்கொண்டு தோள் உயரத்துக்குப் போய்விடும். அடியில் இலையில்லாமல் கால் மட்டும் தெரியும். முதல் தடவை அள்ளிப் பூக்கும். அடுத்தடுத்த தடவைகளில் பூ குறைந்து தண்டு கூடும். மணம் மிதமான தேயிலை மணம். ஈரமான வருடங்களில் கரும்புள்ளியும் வரும். சுவரோரமாகக் கட்டிவிட்டுக் கொடி போல ஏற்ற இடமிருந்தால் அதற்கு அது ராஜா. ஒன்றேகால் மீட்டர்ப் பாத்தியில் அதை அடக்கி வைப்பதே உங்களுக்கு வேலையாகிவிடும்.

'கோல்டன் செலிபிரேஷன்' 1992இல் வந்தது. உங்கள் கணவர் படத்தைப் பார்த்து மயங்கியதில் ஆச்சரியமில்லை. கிண்ணம் போல அவ்வளவு பெரிய பூ, பழுத்த பொன் நிறம். வாசமும் பலமானது. முதலில் தேயிலை மணம், பூ விரிய விரியப் பழரசம் போல மாறும். இலையும் ஓரளவு நன்றாகவே நிற்கும். மணத்துக்கு மட்டும் மதிப்பெண் என்றால் நான் அதற்குத்தான் போடுவேன்.

பிரச்சினை இடம். அது உயரத்திலும் அகலத்திலும் ஒன்றரை மீட்டர் வரை விரிந்து, கிளைகள் வில்லாக வளைந்து தொங்கும் செடி. உங்கள் பாத்தியின் நடுவில் வைத்தாலும் கிளைகள் நடைபாதைக்கு மேலே வந்துவிடும். முள்ளுக் கிளை நான்கு வயதுப் பையனின் முகத்துக்கு நேராக நிற்பதை நான் விரும்பவில்லை. பூவின் கனத்தில் காம்பும் தலை குனியும். உயரமான செடியென்றால் அண்ணாந்து பார்க்கும்போது அது அழகு. மழை நனைந்த இளஞ்செடியில் அந்தப் பூக்கள் மண்ணைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். பூஜைக்கு மண் படாத பூ வேண்டுமே.

வேறு சிலவற்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன், கடையில் பார்ப்பீர்கள். 'மாலினூ' குறுகலாக, நிமிர்ந்து வளரும். ஒரு கால்பந்து மைதானத்தின் பெயர் அதற்கு. சின்ன இடத்துக்கு ஏற்றது, ஆனால் மணம் நீங்கள் கேட்கிற அளவுக்கு இல்லை. 'ஆர்தர் பெல்' 1965லிருந்து இருக்கிறது. நல்ல வாசம், மழையையும் தாங்கும், ஆனால் மஞ்சள் சீக்கிரமே பால் நிறமாக வெளுத்துவிடும். நிறம் வெளுக்காத மணமுள்ள மஞ்சள் வேண்டுமென்றால் ஜெர்மனியின் 'கொரேசியா' இருக்கிறது, குட்டையானது, மோசமில்லை. 'வனெசா பெல்' எலுமிச்சையும் தேனும் கலந்த மணத்தோடு நன்றாகவே பூக்கும், ஆனால் மிகவும் வெளிர்ந்த மஞ்சள். தட்சிணாமூர்த்திக்கு மஞ்சள் என்றால் மாமியார் ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை. மே மாதத்தில் கடைவாசலில் 'கேனரி பேர்ட்' என்று ஒரு செடி முழுக்க மஞ்சளாக நிற்கும். கண்ணைப் பறிக்கும். வாங்கிவிடாதீர்கள், அது வருடத்துக்கு ஒரே ஒரு தடவை பூப்பது.

இப்போது நான் சொன்ன செடி. 'அப்சலூட்லி ஃபேபுலஸ்' அமெரிக்காவில் டாம் கரூத் உருவாக்கியது. அங்கே அதன் பெயர் 'ஜூலியா சைல்ட்'. பிரெஞ்சுச் சமையலை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுபோன அந்தப் புகழ்பெற்ற சமையற்கலைஞர், தன் பெயருக்கு இந்த ரோஜாவைத் தானே தேர்ந்தெடுத்தார். வெண்ணெய் நிறம் என்பதுதான் காரணம். 2006இல் அங்கே விற்பனைக்கு வந்தது. பிரிட்டனில் 2010ஆம் வருடத்தின் ரோஜாவாகத் தேர்வானது. இணையத்தில் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள், இரண்டும் ஒன்றுதான். செடிச் சீட்டில் விற்பனைப் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். அதன் முதல் மூன்று எழுத்து உருவாக்கிய நிறுவனத்தின் அடையாளம். இதற்கு 'வெக்' என்று தொடங்கும். டேவிட் ஆஸ்டின் ரோஜாக்களுக்கு 'ஆஸ்' என்று தொடங்கும்.

பட்டியலில் இதைப் புதர் ரோஜா என்று போட்டிருக்க மாட்டார்கள், கொத்துக் கொத்தாகப் பூக்கும் 'ஃப்ளோரிபண்டா' பிரிவில் இருக்கும். அதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். முக்கால் மீட்டரிலிருந்து தொண்ணூறு சென்டிமீட்டர் வரை உயரம், அதே அளவு அகலம், அடியிலிருந்தே இலை மூடி உருண்டையாக நிற்கும். புதர் என்றால் நீங்கள் மனதில் நினைப்பது அந்த உருவம்தான்.

இலையைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். தடிப்பாக, எண்ணெய் தடவினாற்போல மினுமினுப்பாக இருக்கும். பக்கத்துச் செடிகள் ஆகஸ்டில் பாதி இலையை உதிர்த்துவிட்டு நிற்கும்போதும் இது பெரும்பாலும் முழு இலையோடு நிற்கும். மருந்து அடிக்க மாட்டேன் என்று சொல்பவர்களுக்கு நான் இதை முதலில் சொல்வதற்கு அதுவே காரணம். பூ ஒரு கொத்தில் மூன்று, ஐந்து என்று வரும். மொட்டு அடர்ந்த மஞ்சளாகத் தொடங்கி, விரிந்ததும் வெண்ணெய் நிறத்துக்கு வந்து, வாடுமுன் இன்னும் கொஞ்சம் வெளிரும். பழைய ரோஜா போல இதழ் நிறைந்த பூ. கொத்தாக வருவதில் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு: வியாழக்கிழமை ஒரு பூவைக் கிள்ளினாலும் செடி மொட்டையாகத் தெரியாது.

வாசம் பலமானது, நான் மேலே சொன்ன அந்தச் சோம்பு, அதிமதுர வகை, கூடவே இனிப்பு. சிலருக்கு அது கொள்ளைப் பிரியம். சிலர் இருமல் மருந்து வாசம் என்று ஒதுக்கிவிடுவார்கள். அதனால்தான் முகரச் சொன்னேன். நம் அடுக்களையில் சோம்பு தினமும் பொரிகிறது, அதிமதுரம் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வாயில் போட்டுக்கொள்வது. உங்கள் மாமியாருக்கு இந்த மணம் அந்நியமாக இருக்காது என்பது என் எண்ணம்.

'தி பொயட்ஸ் வைஃப்' 2014இல் வந்த ஆஸ்டின் ரோஜா. நல்ல மஞ்சள், போகப் போக வெளிர்ந்துவரும். எலுமிச்சை கலந்த பலமான மணம். பூ முதிர முதிர இனிப்பு கூடும். உயரம், அகலம் இரண்டும் ஒன்றேகால் மீட்டர் அளவு. உங்கள் பாத்தியில் இடித்துக்கொண்டு நிற்கும், ஆனால் அளவாகக் கவாத்து செய்தால் சமாளிக்கலாம்.

எதை வாங்குவது என்றாலும் ஜூனில் போய்ப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஜூனில் எல்லா ரோஜாவும் நன்றாகத்தான் இருக்கும். செப்டம்பரில் போங்கள். மீண்டும் பூக்கிறதா, இலை நிற்கிறதா என்ற உங்கள் இரண்டு கேள்விக்கும் அப்போதுதான் பதில் தெரியும். ஹாரோ-ஆன்-தி-ஹில்லில் மெட்ரோபாலிட்டன் ரயில் ஏறினால் பேக்கர் ஸ்ட்ரீட். அங்கிருந்து நடந்தால் ரீஜன்ட்ஸ் பூங்காவுக்குள் குயின் மேரி தோட்டம். பன்னிரண்டாயிரம் ரோஜாக்கள் அளவில் இருக்கின்றன. பாத்திக்கு ஒரு ரகம் என்று நட்டுப் பெயர்ப் பலகையும் வைத்திருப்பார்கள். மஞ்சள் பாத்திகளை மட்டும் சுற்றி வாருங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நடக்க முடியுமென்றால் அவருக்கு அது ஒரு நல்ல பொழுது. நான் சொன்ன ரகம் அங்கே கண்ணில் படாவிட்டால், கோடையில் கடையில் பூத்து நிற்கும் தொட்டிச் செடியில் முகர்ந்துவிடுங்கள்.

முகர்வதற்கும் நேரம் உண்டு. விடியற்காலைக் குளிரிலும், காற்றடிக்கும்போதும், உச்சி வெயிலிலும் வாசம் சரியாகத் தெரியாது. பனி உலர்ந்து இளவெயில் ஏறும் பத்து மணிவாக்கில், பாதி விரிந்த பூவில் மூக்கை வையுங்கள். மொட்டில் வாசம் இன்னும் திறந்திருக்காது, முற்றிய பூவில் போய்விட்டிருக்கும். ஒரு பூவில் தெரியவில்லை என்றால் அதே செடியில் இன்னொன்றைப் பாருங்கள்.

அடுத்தது, நீங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் சொல்லிவிட்ட ஒரு விஷயம். எனக்கு அதுதான் கவலை. பழைய ரோஜா பட்டுப்போன அதே குழியில் புது ரோஜாவை அப்படியே வைத்தால், எவ்வளவு நல்ல ரகமானாலும் பெரும்பாலும் தேறாது. ரோஜா பல வருடம் நின்ற மண்ணில் அதன் வேரைத் தாக்கும் நுண்ணுயிர்கள் பெருகியிருக்கும். பழைய செடி வளர்ந்த வேரோடு அதைச் சமாளித்துக்கொண்டிருக்கும், இளவேர் தாங்காது. செடி சாகாமல், வளராமல், இரண்டு வருடம் அப்படியே நின்றுகொண்டிருக்கும். நாம் உரம் போட்டுப் போட்டு அலுத்துவிடுவோம்.

முடிந்தால் அந்த நடு இடத்தை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் நடுங்கள். நடுவிலும் வேண்டும் என்றால், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்து, ரோஜா வளராத வேறு இடத்து மண்ணைக் கொட்டுங்கள். எடுத்த மண் வீண் இல்லை. புல்தரைக்கோ காய்கறிப் பாத்திக்கோ போடலாம். இன்னொரு முறையும் உண்டு. பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைக் குழிக்குள் இறக்கி, அதற்குள் புது மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி, அதில் செடியை நடுவது. அட்டை மக்கிப்போவதற்குள் வேர் பலப்பட்டுவிடும்.

களிமண் என்று வருத்தப்படாதீர்கள். ரோஜாவுக்குக் களிமண் பிடிக்கும். சத்தையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்காமல் இருந்தால் போதும். ஈரமாக இருக்கும்போது அதை மிதிக்காதீர்கள், இறுகிவிடும்.

நடுவதற்கு நவம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். அப்போது தொட்டி இல்லாமல், மண் உதறிய வேரோடு செடி விற்பார்கள். தொட்டிச் செடியைவிட விலை குறைவு, பிடிப்பும் நன்றாக இருக்கும். பார்க்க நான்கு குச்சியும் கொஞ்சம் வேருமாக இருப்பதால் மாமியார் இதற்கா காசு கொடுத்தாய் என்று கேட்கலாம், அப்படித்தான் இருக்கும். வந்ததும் இரண்டு மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊறவிடுங்கள். வேருக்கும் தண்டுக்கும் நடுவில் முட்டிபோலப் புடைத்த இடம் ஒன்று தெரியும், காட்டு ரோஜாவின் வேரில் உங்கள் ரகத்தை ஒட்டுக்கட்டிய இடம் அதுதான். அது மண் மட்டத்திலோ இரண்டு விரல் கீழேயோ இருக்கும்படி நடுங்கள். மண்ணைப் போட்டு, காற்றிடைவெளி இல்லாமல் காலால் மெதுவாக அழுத்தி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள்.

அந்த முட்டிக்குக் கீழிருந்து எப்போதாவது வெளிறிய பச்சையில், வேறு மாதிரி இலையோடு ஒரு தண்டு கிளம்பும். அது காட்டு ரோஜா, நீங்கள் வாங்கிய ரகம் இல்லை. வெட்டினால் இன்னும் நாலாகக் கிளைக்கும். மண்ணை விலக்கி, அது கிளம்புகிற இடத்திலேயே பிய்த்து எடுங்கள்.

இடைவெளி எழுபத்தைந்து, எண்பது சென்டிமீட்டர் என்றால் உங்கள் பாத்தியில் மூன்று செடி தாராளமாக அடங்கும். பணம் ஒத்துவந்தால் என் விருப்பம் இதுதான்: வாசற்பக்கத்தில் இரண்டு 'அப்சலூட்லி ஃபேபுலஸ்', தள்ளி அந்தக் கடைசியில் ஒரு 'பொயட்ஸ் வைஃப்', அதற்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் இடம். இதில் அழகைவிட வியாழக்கிழமைக் கணக்குதான் பெரிது. மீண்டும் பூக்கும் ரோஜா என்றால் ஜூனிலிருந்து நிற்காமல் பூக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அலை அலையாகப் பூப்பது. ஜூனில் ஒரு பெரிய அலை, பிறகு ஐந்தாறு வாரம் இளைப்பாறல், ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ அடுத்தது, செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று. இடையில் பூவே இல்லாத வியாழன் வரும். இரண்டு ரகம் இருந்தால் அவற்றின் அலைகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாது. ஒன்று ஓய்ந்திருக்கும்போது மற்றொன்றில் நாலு பூ கிடைக்கும்.

பூத்து வாடியதை உடனுக்குடன் கிள்ளுங்கள். விட்டால் அது காயாகும், செடி தன் வேலை முடிந்தது என்று நின்றுவிடும். கிள்ளும்போது கழுத்தோடு விடாமல், கீழே வந்து ஐந்து சிற்றிலை உள்ள முதல் நல்ல இலையைப் பாருங்கள். அதன் கணுவில், வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குச் சற்று மேலே வெட்டினால் அங்கிருந்து பலமான தண்டு வரும். மாமியார் பூஜைக்குப் பூ பறிப்பதையும் இதே கணக்கில் செய்தால் பறிப்பதே கவாத்தாகிவிடும்.

பெரிய கவாத்து பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ. காய்ந்தது, நோய்பட்டது, ஒன்றோடொன்று உரசுவது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பாதி உயரத்துக்குக் குறையுங்கள். பயப்பட வேண்டாம், ரோஜாவைக் கவாத்தில் கொன்றவர்கள் அரிது. அதன் பிறகு ரோஜா உரம் ஒரு கைப்பிடி, ஜூன் பூ முடிந்ததும் இன்னொரு கைப்பிடி. ஆகஸ்ட் நடுவுக்குப் பிறகு போடாதீர்கள். அப்போது வரும் இளந்தளிர் பனியில் கருகிவிடும்.

மருந்தில்லாமல் இருப்பதற்குச் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் விடாமல் செய்ய வேண்டும். கரும்புள்ளி என்பது பூஞ்சை. இலைமேல் ஓரம் சிலும்பிய கருப்பு வட்டமாகத் தொடங்கும். சுற்றிலும் இலை மஞ்சளாகி உதிரும். அதன் வித்து மழைத்துளியில் தெறித்து மேலே ஏறும், இலை ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் ஈரமாகவே இருந்தால் முளைத்துக்கொள்ளும். எனவே தண்ணீரைக் காலையில், அடிமண்ணில் ஊற்றுங்கள், இலைமேல் தெளிக்காதீர்கள். உதிர்ந்த இலையை அன்றைக்கன்றே பொறுக்கிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். மார்ச்சில் கவாத்து முடித்ததும், மக்கிய தொழுவுரத்தை இரண்டு மூன்று அங்குலத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். போன வருட வித்து அதற்குக் கீழே போய்விடும். தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் விட்டுப் பரப்ப வேண்டும். மே மாதத்தில் தளிரில் அசுவினி மொய்க்கும். விரலால் நசுக்கித் துடைத்துவிடலாம், அல்லது தண்ணீரைப் பீய்ச்சி உதிர்க்கலாம். உங்கள் பையனுக்கு அது பிடித்த வேலையாகிவிடும். சில வாரத்தில் பொறிவண்டும் சிட்டுக்களும் வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

நட்ட முதல் கோடையில் நிறையப் பூவை எதிர்பார்க்காதீர்கள், செடி அப்போது வேருக்குத்தான் உழைக்கும். மழை இல்லாத வாரங்களில் செடிக்கு ஒரு வாளி வீதம் வாரம் இரண்டு தடவை ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பதால் வேர் மேலாகவே நின்றுவிடும். அந்த ஒரு வருடம் மட்டும் பூஜைக்குப் பறிக்கும்போது நீளக் காம்போடு வெட்டாமல் பூவை மட்டும் கிள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொரு இலையும் அப்போது செடிக்குத் தேவை. தட்டில் தண்ணீர் விட்டு அதில் மிதக்க வைத்தால் காம்பில்லாத பூவும் சாயங்காலம்வரை வாடாது.